வீட்டைக் கட்டுபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர்: ஆற்றல் சிக்கனக் கட்டட விதிகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

தமிழில் 'கட்டுவது' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. வீட்டையும் கட்டுகிறோம், மின்கட்டணத்தையும் கட்டுகிறோம். ஆனால் இந்த இரண்டையும் கட்டுகிறவர் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. அடுக்குமாடி கட்டி விற்கும் பில்டர் சாவியைக் கையில் கொடுத்ததும் கிளம்பிவிடுவார். அந்தக் கூரை நாற்பது கோடைக்குக் கொதித்தாலும் அவருடைய மீட்டர் ஓடப்போவதில்லை. வாங்கியவர் அதை வாடகைக்கு விட்டால் விஷயம் இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. கூரைக்கு வெப்பத் தடுப்புப் போட வேண்டுமென்றால் செலவு வீட்டுக்காரருக்கு, பலன் குடியிருப்பவருக்கு. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. இருந்தாலும் இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு நுரைப் பலகை அந்தக் கூரைமேல் ஏறாமலே போய்விடுகிறது.

இந்த இடைவெளியில் நிற்பதற்காக வந்ததுதான் ஆற்றல் சிக்கனக் கட்டட விதி. கட்டுகிறவர் இன்று இருக்கிறார், அதில் வாழப்போகிறவர் இன்னும் வரவில்லை. வராதவர் சார்பில் இன்றே பேரம் பேசுகிற ஆள் இந்த விதி. இதை ஒரு நல்ல ஏற்பாடு என்று நான் மனதார நம்புகிறேன். அதனால்தான் அதன் பலத்தை எழுதும்போது, எங்கெங்கே அது ஏமாந்துபோகிறது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. பல்பு, ஃபிரிட்ஜ் மாதிரி இதையும் பின்னால் மாற்றிக்கொண்டால் ஆகாதா? ஆகாது. பல்பைக் கழற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும். ஃபிரிட்ஜை பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம். சுவரும் கூரையும் ஐம்பது வருடம், நூறு வருடம் நிற்பவை. ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை ஒருமுறை கட்டிவிட்டால் மாற்றவே முடியாது. காங்கிரீட் போடும் நாளில் சுலபமாக முடிகிற வேலை, குடியேறிய பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு இடித்துப் பூசுகிற வேலையாக மாறிவிடும். உலகின் மொத்த ஆற்றல் பயன்பாட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் கட்டடங்களை நடத்தவே செலவாகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிடுகிறது. சூடாக்க, குளிராக்க, விளக்கெரிக்க, தண்ணீர் ஏற்ற, சமைக்க. அந்தச் செலவின் பெரும்பகுதி, கட்டடம் வரைபடமாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

தீயில் பிறந்த சட்டம், எண்ணெய்த் தட்டுப்பாட்டில் வளர்ந்தது

கட்டட விதி என்பதே புதிது அல்ல. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டத்தில், கட்டிய வீடு இடிந்து உரிமையாளர் செத்தால் கட்டியவருக்கும் மரணதண்டனை என்று இருக்கிறது. 1666-ல் லண்டன் நகரம் எரிந்து போன பிறகு, இனி வீடுகளின் சுவர் செங்கல்லிலோ கல்லிலோதான் எழும்ப வேண்டும் என்று சட்டம் வந்தது. இடியக்கூடாது, எரியக்கூடாது, நோய் பரவக்கூடாது. பல நூற்றாண்டுகளுக்கு விதிகளின் கவலை இவ்வளவுதான்.

வீடு எவ்வளவு எரிபொருளைத் தின்கிறது என்பதை அரசாங்கங்கள் பரவலாகக் கேட்கத் தொடங்கியது 1973-க்குப் பிறகு. அந்த ஆண்டு அரபு நாடுகள் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரித்துக்கொண்டிருந்தவர்கள் ஆடிப்போனார்கள். 1975-ல் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, கட்டடங்களின் ஆற்றல் சிக்கனத்துக்கான முதல் தரநிலையை வெளியிட்டது. 1977-ல் மேற்கு ஜெர்மனி வெப்பத் தடுப்பு ஆணையைக் கொண்டுவந்தது. 1978-ல் கலிஃபோர்னியா மாநிலம் தன் ஆற்றல் விதிகளை நடைமுறைப்படுத்தியது. 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்குமான கட்டட ஆற்றல் வழிகாட்டு ஆணையை இயற்றியது. இந்தியாவில் 2007-ல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு வந்தது. குடியிருப்புகளுக்கான 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' 2018 டிசம்பரில் வெளியானது.

அப்படி என்னதான் எழுதியிருக்கும்?

விதிப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் மிரட்சியாக இருக்கும். அட்டவணை மேல் அட்டவணை. ஆனால் ஒரே ஒரு எண்ணைப் புரிந்துகொண்டால் பாதிப் புத்தகம் பிடிபட்டுவிடும். அதன் பெயர் யு-மதிப்பு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வெப்ப வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் சுவர் அல்லது கூரை வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதுதான் அது. எண் குறைய குறைய நல்லது. ஓட்டைக் குடத்தில் ஓட்டையின் அளவு மாதிரி.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பதினைந்து சென்டிமீட்டர் கனமுள்ள வெறும் காங்கிரீட் தளம். அதன் யு-மதிப்பு ஏறக்குறைய 3.3. நல்ல வெயிலில் தளத்தின் மேல்பக்கம் 60 டிகிரி, அறைக்குள் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30. கூரையின் பரப்பு 100 சதுர மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 9,900 வாட். ஒரு டன் ஏசி ஒரு நேரத்தில் வெளியே தள்ளக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். ஆக, கூரை வழியாக மட்டும் வருகிற சூட்டை வெளியேற்றவே கிட்டத்தட்ட மூன்று டன் ஏசி ஓட வேண்டும். வீட்டில் ஒரு மனிதர்கூட இல்லாவிட்டாலும்.

இப்போது அதே தளத்தின் மேல் இரண்டரை சென்டிமீட்டர் நுரைப் பலகையை வைத்து மூடுங்கள். யு-மதிப்பு ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உள்ளே வரும் வெப்பம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இந்தியாவின் குடியிருப்பு விதி கூரைக்குச் சொல்லும் உச்சவரம்பு 1.2. அதாவது இந்த ஒரு பலகை போதும், விதி நிறைவேறிவிடும். (காங்கிரீட் வெப்பத்தைப் பிடித்துவைத்து மெதுவாகத்தான் இறக்கும், அதனால் உண்மையில் உச்சச் சூடு மதியத்தில் வராமல் சாயங்காலமும் ராத்திரியும் வந்து சேரும். வெயில் போன பிறகும் மாடி அறையில் படுக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். நான் போட்ட கணக்கு அந்தத் தாமதத்தைச் சேர்க்காத நேர்க்கணக்கு.)

அடுத்து இன்னொரு இரண்டரை சென்டிமீட்டர் சேர்த்தால்? யு-மதிப்பு 0.6 அளவுக்கு இறங்கும். முதல் பலகை 3.3-லிருந்து ஒன்றுக்கு இறக்கியது, இரண்டாவது பலகை ஒன்றிலிருந்து 0.6-க்கு இறக்குகிறது. பலகை அதே கனம், அதே விலை. பலனோ ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. விதி எழுதுகிறவர்களின் தலைவலியே இந்தக் கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதுதான். குளிர்நாடுகளில் வித்தியாசம் 20, 30 டிகிரியாக மாதக்கணக்கில் இரவும் பகலும் நீடிப்பதால், மூன்றாவது நான்காவது பலகையும் அங்கே பணத்தைத் திருப்பித் தரும். 0.2-க்கும் கீழே போகச் சொல்லும் விதிகள் அங்கே உண்டு. வெப்ப நாட்டில் முதல் பலகைதான் ராஜா. அதைக்கூடப் போடாமல் விடுவதுதான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம்.

அப்புறம் ஜன்னல். இங்கே யு-மதிப்பைவிட வெயில்தான் பெரிய பிரச்சினை. கண்ணாடியில் விழுகிற வெயிலில் எவ்வளவு பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு அது 0.8-க்கு மேல். மேற்குப் பார்த்த ஜன்னலில் பிற்பகல் வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்றால், இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி வழியாக 960 வாட் உள்ளே இறங்கும். இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சூடேற்றி அறை நடுவில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஏசியையும் போடுவதற்குச் சமம். பூச்சுக் கண்ணாடி போட்டால் இந்த எண்ணை 0.3 அளவுக்குக் கொண்டுவரலாம். அதைவிட எளிய வழி, கண்ணாடிக்கு வெளியே நிழல். திரைச்சீலை உள்ளே தொங்குகிறது. அதன்மேல் வெயில் படுவதற்குள் வெப்பம் அறைக்குள் வந்தாகிவிட்டது. வெளியே நிற்கும் தடுப்பு வெயிலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உச்சி வெயிலுக்கு ஜன்னல் மேல் நீட்டிய சன்ஷேட் சரிவரும். மேற்கு வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் அது சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும், அங்கே பக்கவாட்டில் நிற்கும் தடுப்போ வெளிப்பக்கம் மூடும் கதவோதான் வேண்டும். நல்ல விதித்தொகுப்பு ஒவ்வொரு திசைக்கும் தனிக் கணக்கு வைத்திருப்பது இதற்காக.

சுவர், ஜன்னல், நிழல் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் விதிகளும் இருக்கின்றன. சிங்கப்பூர் குளிரூட்டிய அலுவலகக் கட்டடங்களுக்கு, வெளிச்சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியாக சராசரியாக 50 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையக்கூடாது என்று வைத்தது. எக்கோ நிவாஸ் சம்ஹிதா வேறொரு கணக்கு முறையில் குடியிருப்புகளுக்கு 15 வாட் என்று வைத்திருக்கிறது. எப்படிக் கொண்டுவருவது என்பது உங்கள் விருப்பம். ஜன்னலைச் சிறிதாக்கலாம், நிழல் கொடுக்கலாம், சுவரின் கல்லை மாற்றலாம். இதனால்தான் விதி வந்தால் எல்லாக் கட்டடமும் ஒரே முகமாகிவிடும் என்ற பயம் வீண் என்று சொல்கிறேன்.

இதில் இரண்டு பாதை இருப்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பட்டியல் பாதை: கூரை இவ்வளவு, கண்ணாடி இவ்வளவு, விளக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றையும் நிறைவேற்றிவிட்டால் வேலை முடிந்தது. சின்ன வீடு கட்டுபவருக்கு இதுதான் நிம்மதி. இன்னொன்று, மொத்தக் கணக்குப் பாதை: கம்ப்யூட்டரில் முழுக் கட்டடத்தையும் மாதிரியாக ஓட்டி, விதிப்படி கட்டினால் ஆகும் ஆற்றலைவிட உன் கட்டடத்துக்குக் குறைவாக ஆகிறது என்று காட்ட வேண்டும். அப்போது ஒரு பக்கம் கண்ணாடியைக் கூட்டி, மறுபக்கம் கூரையில் சரிக்கட்டலாம். ஏசி, விளக்கு, வெந்நீர்க் கருவி, மின்தூக்கி போன்ற இயந்திரங்களுக்கும் குறைந்தபட்சத் திறன் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருவியில் ஒட்டியிருக்கும் லேபிளே பேசிவிடும்.

ஏன் உள்ளூர் விதி?

நாடு முழுக்க ஒரே விதி இருந்தால் சுலபம்தானே என்று தோன்றும். வெயிலும் காற்றும் அப்படி நினைப்பதில்லை. எக்கோ நிவாஸ் சம்ஹிதாவில் இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, தரைப் பரப்பில் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? புழுக்கமான கடலோரத் தட்பவெப்பத்துக்கு ஆறில் ஒரு பங்கு. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு. குளிர்ப் பகுதிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. காரணம் நம் உடம்புக்கே தெரியும். புழுக்கத்தில் வியர்வை காய வேண்டுமென்றால் காற்று வீச வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வறண்ட ஊரில் பகல் காற்றே அனல்; அதைப் பகலில் உள்ளே விடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். குளிர் ஊரில் ஒவ்வொரு திறப்பும் சூடு வெளியேறும் வழி. ஒரு நாட்டின் விதி மூன்று ஊருக்கு மூன்று மாதிரி பேசுகிறது.

பெரும்பாலான இடங்களில் ஏற்பாடு இப்படித்தான். மேலே ஒரு மாதிரி விதித்தொகுப்பு இருக்கும். அமெரிக்காவில் அப்படி ஒன்றை மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். மாநிலமோ நகரமோ அதை ஏற்று, தன் தட்பவெப்பத்துக்கும் வசதிக்கும் ஏற்ப மாற்றி அறிவிக்கும்வரை அது வெறும் புத்தகம்தான். இந்தியாவிலும் மத்திய அமைப்பு எழுதுகிறது, மாநிலங்கள் திருத்தி அறிவிக்கின்றன, உள்ளாட்சி அமைப்பு வரைபட அனுமதி கொடுக்கும்போது அதைச் சரிபார்க்கிறது. ஆகவே 'நம் நாட்டில் இந்த விதி இருக்கிறதா' என்று கேட்பதைவிட, 'நான் கட்டப்போகும் இடத்தின் அனுமதி அலுவலகம் இதைப் பார்க்கிறதா' என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

உள்ளூருக்கு இன்னொரு பலமும் உண்டு. முதல் அடியை எடுத்துவைப்பது பல நேரம் ஊர்தான். லண்டனின் மெர்ட்டன் பகுதி 2003-ல், பெரிய புதிய வணிகக் கட்டடங்கள் தங்கள் ஆற்றலில் 10 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழியில் அங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்றது. பிரிட்டனின் மற்ற ஊராட்சிகள் அதைப் பார்த்துப் பின்பற்றின. பார்சிலோனா நகரம் 2000-ல், புதிய கட்டடங்களின் வெந்நீர்த் தேவையில் 60 சதவீதம் சூரியச் சூட்டிலிருந்து வர வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2006-ல் ஸ்பெயின் முழுவதற்கும் அந்த வகை விதி வந்தது. டொரான்டோ பெரிய கட்டடங்களின் கூரையில் செடி வளர்க்கச் சொல்லி 2009-ல் சட்டம் போட்டது. டோக்கியோவில் 2025 ஏப்ரல் முதல், பெரிய வீடுகட்டும் நிறுவனங்கள் தாங்கள் கட்டும் புதிய வீடுகளில் சூரியத் தகடு பொருத்த வேண்டும். ஊர் என்பது சோதனைச்சாலை மாதிரி. அங்கே தேறினால் நாடு எடுத்துக்கொள்கிறது.

மின்சாரத்தோடு முடியவில்லை

நிலைத்த தன்மை (வளங்களைத் தீர்த்துவிடாமல் கட்டுவது) என்று வரும்போது தண்ணீரும் கட்டுமானப் பொருளும் சேர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. புதிது மட்டுமல்ல, ஏற்கெனவே நின்ற கட்டடங்களுக்கும். ஆற்றல் விதிகள் பெரும்பாலும் புதுக்கட்டடத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த வகையில் இது துணிச்சலான சட்டம். ஒரு விதி பழைய வீட்டுக்குள்ளும் நுழைய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

பொருள் விஷயம் இன்னும் புதிது. கட்டடம் நடத்தும்போது எரியும் ஆற்றல் ஒரு பக்கம். அதைக் கட்ட சிமெண்டும் இரும்பும் செய்யும்போது எரிந்தது இன்னொரு பக்கம். உலகக் கார்பன் வெளியேற்றத்தில் சிமெண்ட் தயாரிப்பின் பங்கு மட்டும் 7 முதல் 8 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். வீடு நல்ல சிக்கனமாக ஆக ஆக, இந்த இரண்டாவது பக்கம்தான் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கிறது. பிரான்ஸ் 2022 முதல் புதுக்கட்டடங்கள் கட்டுவதிலிருந்து இடிப்பதுவரை வெளியிடும் வாழ்நாள் கார்பனைக் கணக்கில் எடுக்கிறது. டென்மார்க் 2023 முதல், 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ என்று வரம்பு வைத்தது, கட்டுமானப் பொருளையும் சேர்த்து.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். லீட், கிரிஹா, பிரீயாம் என்று பசுமைக் கட்டடப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அடிப்படையில் விரும்பி வாங்கும் மதிப்பெண் சான்றிதழ்கள். விதி என்பது எல்லாரும் எடுத்தே ஆகவேண்டிய பாஸ் மார்க். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பத்துக் கட்டடங்களைவிட, ஊரில் எல்லாக் கட்டடமும் நாற்பது வாங்குவது பெரிய காரியம் என்பது என் கட்சி.

விதி தவறு செய்த இடங்கள்

1970-களின் பதற்றத்தில் கட்டடங்களை இறுக்கி மூடினார்கள். வெளிக்காற்றைச் சூடாக்கவும் குளிராக்கவும் ஆற்றல் வேண்டும், ஆகவே வெளிக்காற்றைக் குறை என்பது கணக்கு. 1981-ல் ஆஷ்ரே தன் காற்றோட்டத் தரநிலையின் குறைந்தபட்ச அளவை நபருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வரை இறக்கியது. புழுங்கிய அலுவலகங்களில் தலைவலி, கண் எரிச்சல் என்று புகார்கள் கிளம்பின. 1989-ல் அதை 15 ஆக உயர்த்தினார்கள். இன்றைய நல்ல விதியின் தாரக மந்திரம், கசிவை அடை, ஆனால் காற்றுக்கு முறையான வழி வை என்பது. இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் செய்தால் சுவரில் ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று எழுதவே மனம் கனக்கிறது. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பை 2016-ல் புதுப்பித்து முடித்தார்கள். வெளிச்சுவருக்கு வெப்பத் தடுப்பும் அதன்மேல் அலங்காரத் தகடும் போட்டார்கள். வீடு கதகதப்பாக இருக்க வேண்டும், ஆற்றல் செலவு குறைய வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. போட்ட பொருள் எரியக்கூடியது. 2017 ஜூன் 14 அதிகாலை ஒரு சமையலறையில் பிடித்த தீ வெளிச்சுவர் வழியாகக் கட்டடம் முழுக்க ஏறியது. 72 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில், 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள் கூடாது என்று தடை வந்தது. ஆற்றல் விதியைத் தனியாகப் படிக்கக் கூடாது, தீ விதியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வெப்பத் தடுப்புப் பலகை வாங்கும்போது யு-மதிப்பைக் கேட்கிற அதே மூச்சில் அதன் தீ வகுப்பையும் (எவ்வளவு எளிதில் தீப்பிடிக்கும் என்ற தரம்) கேட்பது பேச்சுக்காக அல்ல.

காகிதத்தில் இருப்பது சுவரில் இருக்கிறதா?

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. கட்டி முடித்த வீட்டின் வாசற்கதவைத் திறந்து, நிலைச்சட்டத்தில் ஒரு சிவப்புத் துணியை இழுத்துப் பொருத்துவார்கள். துணியின் நடுவில் ஒரு பெரிய மின்விசிறி. எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு விசிறியை ஓட்டினால் வீட்டுக்குள்ளிருக்கும் காற்று வெளியே இழுக்கப்படும். உள்ளே அழுத்தம் 50 பாஸ்கல் குறையும்வரை ஓட்டுவார்கள். மணிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம் வேகத்தில் நாலாபக்கமும் ஒரே நேரத்தில் காற்றடிப்பது மாதிரியான நிலை. அப்போது வீடு தன் ரகசியங்களைச் சொல்ல ஆரம்பிக்கும். சுவிட்ச் போர்டு ஓட்டை வழியாகச் சில்லென்று காற்று விரலில் படும். கையில் ஒரு சின்னப் புகைக்குச்சியை ஜன்னல் சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோனால், நேராக எழும்பிய புகை சட்டென்று வளைந்து அறைக்குள் ஓடிவரும். அங்கே பிளவு. குளியலறைக் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், சுவரும் கூரையும் சேரும் விளிம்பு, மேல்தளத்துக்குப் போகும் மூடி. ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வார்கள்.

கடைசியில் ஓர் எண் கிடைக்கும். அந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டின் மொத்தக் காற்றும் எத்தனை முறை மாறுகிறது? அமெரிக்காவின் மாதிரி விதி 2012-ல் இந்தச் சோதனையை வீடுகளுக்குக் கட்டாயமாக்கி, வெப்பப் பகுதிகளில் 5, மற்ற இடங்களில் 3 என்று வரம்பு வைத்தது. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் தொடங்கிய, மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான 'பாசிவ் ஹவுஸ்' முறை கேட்பது 0.6. இந்தச் சோதனை குளிரூட்டியோ சூடாக்கியோ மூடி வாழும் வீடுகளுக்குத்தான் பொருந்தும். நாள் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் அதிலிருக்கும் பாடம் எல்லா வீட்டுக்கும் பொது. வரைபடத்தை நம்பாமல் கட்டடத்தையே கேட்கிறார்கள். பொய் சொல்ல முடியாத சாட்சி அது.

ஏனென்றால் விதி தோற்பது பெரும்பாலும் வரைபடத்தில் அல்ல, வேலை நடக்கும் இடத்தில். வரைபடத்தில் வெப்பத் தடுப்பு ஒரே சீராக ஓடும் கோடு. நிஜத்தில் எலெக்ட்ரீஷியன் குழாய் போட ஒரு துண்டை வெட்டியிருப்பார், பிளம்பர் இன்னொரு துண்டை. வெட்டிய இடத்தை யாரும் திரும்ப மூடியிருக்க மாட்டார்கள். இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட்டிருக்கும். தூணும் பீமும் தடுப்பே இல்லாமல் வெளிக்காற்றோடு நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். அதற்கு 'வெப்பப் பாலம்' என்று பெயர். மற்ற இடத்தில் சேமித்ததை அது தாராளமாகக் கடத்திவிடும். மேலே பூச்சு விழுந்த பிறகு இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதிகாரி கட்டடம் முடிந்த பிறகு வந்து பார்த்தால் அவர் பார்ப்பது பெயிண்டை மட்டும்தான். அதனால், ஓர் ஊரின் விதி எவ்வளவு நல்லது என்று அறிய நான் முதலில் பார்ப்பது அதன் எண்களை அல்ல. எந்தக் கட்டத்தில் ஆய்வுக்கு வருகிறார்கள் என்பதைத்தான்.

பழைய கட்டடங்களுக்கு என்ன வழி? பெரும்பாலான விதிகள் புதுக்கட்டடத்தைத்தான் பிடிக்கும். பழையதை, பெரிய அளவில் மாற்றிக் கட்டும்போது மட்டும் தொடும். சில இடங்களில் துணிந்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடுகளுக்கு ஏ முதல் ஜி வரை ஆற்றல் தரம் உண்டு. 2018 ஏப்ரல் முதல், 'இ' தரத்துக்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது, சில விலக்குகள் தவிர. கட்டுபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர் என்ற முடிச்சை நேராக அவிழ்க்கிற விதி இது. நியூயார்க் நகரம் 2019-ல் போட்ட சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு, பழையவை உட்பட, 2024 முதல் கார்பன் வரம்பு வைத்து, மீறினால் அபராதம் என்கிறது. கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது என்று இது கேட்பதில்லை. உண்மையில் எவ்வளவு எரிக்கிறது என்று மீட்டரைப் பார்த்துக் கேட்கிறது.

சரி, நீங்கள் கட்டப்போகிறீர்கள் அல்லது கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினீயரிடம் கூரையின் யு-மதிப்பைக் கேளுங்கள். மேற்குப் பார்த்த கண்ணாடி எவ்வளவு, அதற்கு வெளியே நிழல் இருக்கிறதா, ஜன்னலில் எத்தனை பங்கு திறக்கும் என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் அவர் விதியைப் படித்தவர். பிறகு, பூச்சு வேலை தொடங்கும் முன்பு ஒருநாள் நேரில் போய்வாருங்கள். தடுப்புப் பலகை வைத்த இடத்தில் ஓர் அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்தி, கனம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு மூலையையும், குழாய் நுழையும் ஒவ்வொரு ஓட்டையையும். தேதியோடு சேமித்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். அடுத்த நாள் கொத்தனார் கலவையோடு வந்துவிடுவார். அதற்குப் பிறகு அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அந்தப் படங்களைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது.